வாடையை மறைக்காதீர்கள், மூலத்தைத் தேடுங்கள்

விருந்தாளி வரப்போகிறார் என்றதும் பல வீடுகளில் அவசரமாக ஊதுபத்தி கொளுத்துவார்கள், ரூம் ஸ்ப்ரே அடிப்பார்கள். நாயோ பூனையோ வளர்க்கும் வீடென்றால் இந்தப் பதற்றம் இன்னும் அதிகம். வீட்டில் இருப்பவர்களின் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். வருகிறவருக்கோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். நறுமணம் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும், வாடை அங்கேயே இருக்கும். அது எங்கிருந்து வருகிறதோ அங்கேயே தீர்ப்பதுதான் வழி.

பூனை வாடை ஏன் போவதில்லை?

பூனையின் சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. நேரம் ஆக ஆக நெடி ஏறுவது இதனால்தான். கூடவே, 'ஃபெலினைன்' என்ற அமினோ அமிலம் சிதைந்து கந்தகச் சேர்மங்களாக மாறுகிறது. கருத்தடை செய்யாத கடுவன் பூனைகளிடம் இந்த ஃபெலினைன் மிக அதிகம். எல்லையைக் காட்ட அவை சுவரிலும் திரைச்சீலையிலும் பீய்ச்சி அடிக்கும். ஆகவே கடுவன் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, உரிய வயதில் கருத்தடை செய்வது.

சோபாவில் போய்விட்டால்...

உடனே துணியால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஈரம் பரவும், உள்ளேயும் இறங்கும். பழைய துண்டை மடித்து வைத்து, முழு பலத்தோடு அழுத்தி ஒற்றி எடுங்கள். துண்டு நனைந்தால் மாற்றுங்கள். பிறகு குளிர்ந்த நீரை ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். அதன் மேல் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் போதாது, சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்க வேண்டும். பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் வரை ஈரமாகவே விட்டுவிட்டு, பிறகு ஃபேன் காற்றில் காய வையுங்கள்.

என்சைம் கிளீனர் கிடைக்காதவர்கள் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து பயன்படுத்தலாம். மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ சேர்க்கிறோம் அல்லவா? மீனின் கவிச்சி நாற்றத்துக்குக் காரணமான அமீன்களைப் புளிப்பு கட்டிப்போடுகிறது. அமோனியாவை வினிகர் அடக்குவதும் அதே முறையில்தான். நன்றாகக் காய்ந்த பிறகு ஆப்ப சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் தட்டி எடுங்கள். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நுரை வரும், ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். மார்பிள், மொசைக் தரையில் வினிகர் வேண்டாம். அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும்.

எச்சரிக்கை!

சிறுநீர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். அது அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவுபவருக்கு இது உயிருக்கே ஆபத்து.

கறுப்பு பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். நாப்தலீன் உருண்டை, யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில் ஆகியவையும் பிராணிகளுக்கு ஆகாதவை. கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் அதன் பக்கத்தில் சாம்பிராணிப் புகை போட வேண்டாம். பறவைகளின் நுரையீரல் அதைத் தாங்காது.

மழைக்கால நாய் வாடை

நாயின் ரோமத்தில் வாழும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் விட்டுச்செல்லும் பொருட்கள், ஈரம் ஆவியாகும்போது காற்றில் கலக்கின்றன. நனைந்த நாய் நாறுவது இதனால்தான். மழையில் நனைந்து வந்தால் அடிவயிறு, தொடை இடுக்கு, விரல் இடுக்கு வரை துவட்டுங்கள். மனிதர்களின் ஷாம்பூ வேண்டாம். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, நாய்த் தோலின் தன்மை வேறு. நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை துவைத்து, வெயிலில் காயப் போடுங்கள்.

எல்லாப் பழியும் பிராணி மேல் விழ வேண்டியதில்லை. யாரும் பயன்படுத்தாத பாத்ரூமில் தரை வடிகாலுக்குள் இருக்கும் 'நானி ட்ராப்' என்ற நீரடைப்பில் தண்ணீர் வற்றிவிட்டால், சாக்கடை வாயு நேராக வீட்டுக்குள் வரும். வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

வாடையும் ஒரு அறிகுறி

நன்றாகக் குளிப்பாட்டியும் நாயிடம் வாடை போகவில்லை என்றால் காது, பல், ஆசனவாய்ச் சுரப்பி ஆகியவற்றில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனை நாள் ஒழுங்காக மணல் தட்டில் போன பூனை திடீரென்று கட்டிலில் போனால், அது திமிர் அல்ல. சிறுநீர்ப்பை அழற்சி, கல், சர்க்கரை நோய் என்று எதுவாகவும் இருக்கலாம். கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அடைப்பு முற்றினால் இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடும்.

நாற்றம் தாங்கவில்லை என்று வாயில்லா ஜீவனை அடிப்பதும் தெருவில் கொண்டுபோய் விடுவதும் பாவம். அதற்குப் பதிலாக ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.