பேருந்துப் படியும் தொடர் சிகிச்சையும்: மாற்றுத்திறனாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

பக்கவாதம், தண்டுவடக் காயம், கால் இழப்பு, பார்வைக் குறைபாடு ஆகியவற்றுடன் வாழ்பவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டும் அடுத்த வருகைக்கான தேதியும் எழுதித் தரப்படுகின்றன. அந்தத் தேதியில் எவ்வாறு வந்து சேர்வது என்பதை அநேகமாக எவரும் எழுதித் தருவதில்லை. தமிழ்நாட்டில் எண்ணற்ற குடும்பங்களுக்கு அதற்கான ஒரே விடை அரசுப் பேருந்துதான்.

சில ஆண்டுகளுக்கு முன், வலப்பக்கம் செயலிழந்த ஒருவர் தொடர்ந்து மூன்று வாரங்கள் இயன்முறை சிகிச்சைக்கு வரவில்லை. அவரது பதிவேட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். நான்காவது வாரம் மருந்து வாங்க வந்த அவருடைய மனைவியிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். “படி உசரமா இருக்கு டாக்டர். ரெண்டு பேர் கை கொடுத்தாத்தான் ஏத்த முடியும். அதுக்குள்ள வண்டி நகர்ந்துடுது” என்றார். எழுதியதை அடித்துவிட்டு ‘பேருந்துப் படி’ என்று திருத்தினேன். அவருக்கான பயிற்சியில் படியேறுதலைச் சேர்த்திருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. இந்த விளக்கம் அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சியே.

படியில் ஏறுவதும் இறங்குவதும்

வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர். வழக்கமான பேருந்தின் முதல் படி, வீட்டுப் படியைவிட மிகவும் உயரமானது. ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்தாமல் சாலையின் நடுவிலேயே நிறுத்தினால் அந்த உயரம் மேலும் கூடுகிறது. அதில் ஏற, ஒற்றைக் காலின் தொடைத் தசையும் இடுப்புத் தசையும் உடலின் முழு எடையையும் தூக்க வேண்டும். பக்கவாதத்தில் பாதத்தின் முன்பகுதி கீழே தொங்குவதால், விரல்கள் படியின் விளிம்பில் இடறுவதும் உண்டு. ஆகவே மருத்துவமனையின் பயிற்சிப் படிகளில் ஏற முடிவதால் மட்டும் பேருந்தில் ஏறிவிட முடியும் என்று கருத வேண்டாம். பேருந்துப் படியின் உயரத்திலேயே பயிற்சி தருமாறு இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏறும்போது வலுவான கால் முதலில் மேலே செல்ல வேண்டும். பலவீனமான கால் அதைப் பின்தொடர வேண்டும். இறங்கும்போது பலவீனமான கால் முதலில் கீழே செல்ல வேண்டும். மேலே நிற்கும் வலுவான கால் உடலை மெல்ல இறக்கும். செயற்கைக் கால் அணிந்தவர்களுக்கும் இதே முறைதான்.

உடன் வருபவர், நோயாளி ஏறும்போது அவருக்குப் பின்னால், பலவீனமான பக்கமாக ஒரு படி கீழே நிற்க வேண்டும். இறங்கும்போது தாம் முதலில் இறங்கி, நோயாளிக்கு முன்னால் நிற்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து மேலே இழுக்கவே கூடாது. பக்கவாதத்தில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால், ஒரே இழுப்பில் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் நீடிக்கும் தோள்வலி ஏற்படலாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அவ்வாறே தீங்கானது. உதவும் எண்ணத்துடன் மேலிருந்து கையை நீட்டும் பயணிகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடுப்பில் உறுதியான அகலப் பட்டையையோ துண்டையோ இறுகக் கட்டி, அதைப் பிடித்துத் தாங்குவது பாதுகாப்பானது.

கைப்பிடிக் கம்பி குறித்து ஒரு நுட்பம் உண்டு. ஏறும்போது இடப்பக்கம் இருந்த கம்பி, இறங்கும்போது வலப்பக்கம் வந்துவிடும். ஒரு கை மட்டுமே இயங்குபவர், வாயிலின் இரு பக்கமும் கம்பி உள்ளதா என்று பார்த்து ஏற வேண்டும். இல்லையெனில் பின்புறமாகத் திரும்பி இறங்கும் முறையை இயன்முறை மருத்துவரிடம் பயின்ற பிறகே கையாளலாம். பை, மருத்துவக் கோப்பு, தண்ணீர்ப் புட்டி யாவும் உடன் வருபவரிடம் இருக்கட்டும்.

உணர்ச்சி குறைந்த கால்களுக்கு வரும் ஆபத்து

ஓட்டுநருக்கு அருகில் எஞ்சின் மூடி அமைந்துள்ள பேருந்துகளில், அதை ஒட்டிய இருக்கை பெரும்பாலும் காலியாக இருக்கும். இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்து அங்கே அமர வேண்டாம். நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள், தொழுநோய் பாதிப்பு உடையவர்கள், தண்டுவடக் காயமுற்றவர்கள் ஆகியோர் அந்த மூடியின்மேல் காலை வைத்திருந்தால், சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடும். வீட்டுக்குச் சென்று காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் தெரியவரும். அது புண்ணாகி ஆற மாதங்கள் பிடிக்கக்கூடும். வெயிலில் நின்ற பேருந்தின் இரும்புப் பக்கச் சுவரும் இதே தீங்கைச் செய்யும்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்கள் தங்கள் மெத்தையை உடன் கொண்டு செல்ல வேண்டும். ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைச் சற்று உயர்த்தியோ, இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்தோ எடையைக் குறைக்க வேண்டும். வீடு திரும்பியதும் உடன் இருப்பவர் முதுகின் அடிப்பகுதியையும் இருப்பெலும்புப் பகுதியையும் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, படுக்கைப் புண்ணின் தொடக்கம். கருநிறத் தோலில் சிவப்பு தெரியாமல், கருமையாகவோ சூடாகவோ தடிப்பாகவோ தென்படலாம்.

தண்ணீரைத் தவிர்க்க வேண்டாம்

பயண நாளில் தண்ணீரே குடிப்பதில்லை என்று பலர், குறிப்பாகப் பெண்கள், எங்களிடம் தயக்கத்துடன் சொல்வதுண்டு. பேருந்து நிலையக் கழிப்பறையின் நிலையை அறிந்தவர்கள் அவர்களைக் குறை கூற முடியாது. ஆயினும் சிறுநீர்ப்பை பாதிப்பு உள்ளவர்களுக்கு இது சிறுநீர்த் தொற்றையும் கல்லையும் வரவழைக்கும். தண்டுவடக் காயமுற்றவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை குறைவதால், கோடையில் உடல் வெப்பமும் விரைவில் ஏறும். இடைவிட்டுக் குழாய் செலுத்துபவர்கள் புறப்படும் முன் சிறுநீரை வெளியேற்றி, அடுத்த நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நிரந்தரக் குழாய் பொருத்தியவர்கள் பையைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழேயே இருக்க வேண்டும். இருக்கையின் மேலோ மடியிலோ வைத்தால் சிறுநீர் பின்னோக்கிச் செல்லும்.

நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே தண்டுவடக் காயம் உள்ளவருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும், முகத்தில் சிவப்பும் வியர்வையும் தோன்றினால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்கிறது என்று பொருள். அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியுள்ளதா என்று பாருங்கள். மடிப்பை நீக்கியும் குறையாவிட்டால் பேருந்தை நிறுத்தச் சொல்லி 108-ஐ அழையுங்கள்.

பிற குறைபாடுகள்

பார்க்கின்சன் நோயாளிக்கு வாயிலருகே கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடும். அவரைத் தள்ளாமல், “ஒன்று, இரண்டு” என்று எண்ணச் சொல்லுங்கள். படியின் விளிம்பைத் தாண்டுவதாக நினைக்கச் சொல்லுங்கள். மருந்தின் பயன் நன்றாக இருக்கும் நேரத்தில் பயணம் அமையட்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் வாயிலருகே நிற்கலாகாது. பார்வையற்றவரின் கையைப் பற்றி இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடிக்க இடம் கொடுங்கள். பேருந்து எண்ணையும் சேருமிடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். செவித்திறன் குறைந்தவர் இறங்குமிடத்தை எழுதி நடத்துநரிடம் காட்டலாம்.

இரத்த உறையாமை நோய், தலசீமியா போன்றவையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் அடங்கும். இவர்களைப் பார்த்தவுடன் குறைபாடு தெரியாது. ஒதுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்த இளைஞரை எழுந்திருக்கச் சொல்லும் முன் இதை நினைவில் கொள்வது நன்று.

தாழ்தளப் பேருந்தும் கட்டணச் சலுகையும்

சென்னையில் 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் இயங்கத் தொடங்கின. நிறுத்தத்தில் இவற்றின் ஒரு பக்கம் சற்றுத் தாழும். சாய்தளப் பலகையை விரித்துச் சக்கர நாற்காலியை உள்ளே ஏற்றலாம். ஏறியதும் நாற்காலியின் தடுப்பைப் போட்டு, வார்ப்பட்டையை மாட்டுமாறு கேளுங்கள். பேருந்து நடைமேடையை ஒட்டி நின்றால்தான் பலகையின் சரிவு பாதுகாப்பாக இருக்கும். அவ்வாறு நிறுத்தக் கேட்பது சலுகை அன்று. மேற்குறிப்பிட்ட சட்டத்தின் 41-ஆம் பிரிவு, போக்குவரத்தை அணுகத்தக்கதாக அமைப்பதை அரசின் கடமையாக வகுத்துள்ளது. சென்னைக்கு வெளியே சிற்றூர்களில் இத்தகைய பேருந்தைக் காண்பது இன்றும் அரிது என்பதையும் மறைப்பதற்கில்லை.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் ஒருவரும் 2021 முதல் கட்டணமின்றிச் செல்லலாம். தொலைதூர அரசுப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் நான்கில் ஒரு பங்கு கட்டணம் செலுத்தினால் போதும். மருத்துவமனைக்குத் தொடர்ந்து செல்பவர்கள் இலவசப் பயண அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். இவற்றுக்கு அடிப்படை 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதென மருத்துவக் குழு வழங்கும் சான்றும் அடையாள அட்டையும் ஆகும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். அட்டையின் நகலை மட்டும் கொண்டு சென்று நடத்துநரிடம் வாதிட நேர்ந்தவர்கள் பலர். அசலையே எடுத்துச் செல்லுங்கள்.

எவ்வளவு முயன்றும் பேருந்துப் பயணம் இயலாதவர்கள் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்த வருகைத் தேதி எழுதப்படும்போது, உங்கள் ஊரிலிருந்து கூட்டம் குறைந்த பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்பதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். பள்ளி, அலுவலக நேரம் கழிந்த பிறகு வந்து சேரும்படி நேரத்தை மாற்றித் தர இயலும். ஒரே வாரத்தில் இரு துறைகளுக்கு வர வேண்டியிருந்தால், இரண்டையும் ஒரே நாளில் அமைத்துத் தரவும் கேளுங்கள்.