இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

கேரள எல்லையோரம், வெள்ளறடைப் பக்கம் 'லட்சம் வீடு' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1972-இல் கேரளத்தில் அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதியைக் கவனித்த எம்.என்.கோவிந்தன் நாயர் கொண்டுவந்த திட்டம். நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு ஒரு லட்சம் வீடு, ஊராட்சிக்கு நூறு என்று கணக்குப் போட்டார்கள். லட்சத்தை எட்டவில்லை. ஆனாலும், அடுத்தவர் விளையோரம் ஓலைக்குடிசையில் ஒண்டிக் கிடந்த குடும்பங்களுக்கு, 'வெளியே இறங்கு' என்று யாரும் விரட்ட முடியாத முதல் கூரை அதுதான்.

செலவைக் குறைக்க இரண்டு வீட்டை ஒட்டிக் கட்டினார்கள். நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே கூரை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கஷ்டம் பிள்ளைகள் காலத்தில்தான் வந்தது. ஒரு வீட்டார் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, தங்கள் பாதியை இடித்து வார்ப்பு வீடு கட்ட இறங்குவார்கள். உத்தரம் பாதியில் அறுபடும். மறுபாதியின் ஓடு சரியும். அறுத்த வாயில் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, மேலே கல்லை ஏற்றி வைப்பார்கள். ஐப்பசி மழைக்கு அது எம்மட்டு? இரட்டை வீட்டை ஒற்றை வீடாக்க அரசு பிற்பாடு உதவி கொடுத்தது. ஆனால் பட்டயம் பாட்டன் பேரிலேயே கிடந்து, வாரிசுகள் நாலு திசைக்குப் போய்விட்டால் கையெழுத்துப் போடவே ஆள் கிடைக்காது.

இப்போது கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்டம். கிராமசபையில் பட்டியல், கிராம விரிவாக்க அலுவலர் (வி.இ.ஓ.) நேரில் வந்து பார்வை, பிறகு 4 லட்சம் ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கில். சுமார் 400 சதுர அடி, தனி வீடு, கக்கூஸ் உள்ளேயே. லட்சம் வீட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் அன்று கட்டி முடித்துக் கொடுத்த அரசு, இன்று பணத்தைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. ரப்பர் வெட்டப் போகும் பெண்ணே கொத்தனாரைத் தேட வேண்டும், கம்பிக்கு விலை பேச வேண்டும். தறை, அதாவது அடித்தளம், முடிந்தால்தான் அடுத்த தவணை. தறை முடிக்கப் பணம் வேண்டும். இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் நுழைகிறார்.

பனச்சமூடு சந்தையைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. அங்கே 2024 முதல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம்: 360 சதுர அடி, 3.50 லட்சம். தொகைதான் வேறு, கையில் காசில்லாமல் கட்டத் தொடங்குகிறவரின் பாடு ஒன்றுதான்.

கேரளப் பக்கம், கூனிச்சிமலை அடிவாரத்திலும் அம்பூரி போகும் வழியிலும் ஏழைக்கு வாய்ப்பது லாரி ஏறாத சரிவு. கல்லும் எம்-சாண்டும் ரோட்டோரம் இறங்கும். மேலே ஏற்ற சுமட்டுக்கூலி தனி. 2001 நவம்பரில் அம்பூரியில் மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட மண் இது. பின்பக்கம் கல்லுக்கட்டு இல்லாமல் இங்கே வீடு கட்டக் கூடாது. அந்தக் கட்டுக்கே தொகையில் நல்ல பங்கு போய்விடும். லைஃப் மிஷனில் தொலைதூரப் பழங்குடி ஊர்களுக்கு 6 லட்சம் என்று வைத்தது நியாயம். சரிவில் கட்டும் மற்ற ஏழைகளுக்கும் அந்தத் தொகையை நீட்ட வேண்டும். தறைக்கான பணத்தையாவது வேலை தொடங்கும் முன்பே முழுதாகக் கொடுக்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால்.