எந்திரத்தின் மூச்சு – 14: ஐந்தாம் அடுக்கு

சென்ற வாரம் கம்ப்ரஸர் வரைபடத்தைப் படித்தோம். அதற்கு முந்தையவற்றைத் திருப்பிச் சொல்லப் பக்கம் போதாது. தொடர்ந்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் எண்ணெய் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகும் ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய டர்போ வைக்கலாமா என்ற கேள்விக்கு, 13 வாரங்களில் பார்த்த எதையும்விட நேரான பதில் அந்தக் கணக்கில் இருக்கிறது. எண்ணெய் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கணக்கு இதுதான். ஒரு சக்கரத்தை வடிவம் மாறாமல் பெரிதாக்கினால், அதன் எடை விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். சுழற்றத் தொடங்கும்போது அது காட்டும் முரண்டு, அதாவது நிலைமத் திருப்புத்திறன், எடையோடு நிற்பதில்லை. அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் இரண்டாம் அடுக்கையும் சேர்த்துக்கொள்கிறது. மூன்றும் இரண்டும் ஐந்து. டர்போவில் எஞ்சினின் புகைக்காற்று சுழற்றும் டர்பைன் சக்கரத்தின் விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால், 1.2ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 2.49. கையில் எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் சக்கரம், புகைக்காற்றின் கண்ணுக்கு இரண்டரை மடங்கு முரட்டுச் சக்கரம். விட்டம் இரண்டு மடங்கானால் முரண்டு 32 மடங்கு. டர்போ விற்பவர்களின் விலைப்பட்டியலில் குதிரைத்திறன் தடித்த எழுத்தில் இருக்கும், இந்த 2.49 எங்கும் இருக்காது. ஆனால் காலை எட்டரை மணிக்கு சிக்னல் பச்சையானதும் காரோடு பேரம் பேசுவது இந்த எண்தான்.

இதை டொயோட்டா சுப்ராவில் வைத்துப் பார்ப்போம். 1993இல் வந்த நான்காம் தலைமுறை சுப்ராவின் 2ஜேஇஸட்-ஜிடிஇ எஞ்சினைப் போல மாற்றங்களுக்கு ஆளான எஞ்சின்கள் குறைவு. 2,997 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்புக் கட்டை, இரண்டு டர்போ. அமெரிக்காவில் விற்ற வண்டியில் 320 குதிரைத்திறன். அந்த இரண்டு டர்போக்களும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. குறைந்த ஆர்பிஎம்மில் புகைக்காற்று முழுவதும் முதல் டர்போவுக்கே போகும். 3,500ஐ நெருங்கும்போது ஒரு வால்வு கொஞ்சமாகத் திறந்து இரண்டாவதை முன்கூட்டியே சுழற்றி வைக்கும். 4,000 வாக்கில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். போர்ஷே 959இல் 1986இலேயே வந்த ஏற்பாடு இது. இத்தனை வால்வும் குழாயும் பெரும் வேகத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. பெரும் வேகம் மட்டும் போதுமென்றால் ஒரே பெரிய டர்போவை மாட்டி டொயோட்டா வேலையை முடித்திருக்கும். 2,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் வண்டி கேட்க வேண்டும் என்பதற்காக, கிடைக்கும் கொஞ்சம் புகைக்காற்றையும் ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் குவித்தார்கள். சுப்ராவை வாங்கியவர்களில் பலர் முதலில் கழற்றி வீசியதும் இந்த ஏற்பாட்டைத்தான். 500, 700 என்று குதிரைத்திறன் ஏற ஏற, அன்றாடத்துக்கென்று வடிவமைத்த பகுதி அன்றாட வண்டியிலிருந்தே வெளியேறியது.

டொயோட்டாவின் இன்னொரு முடிவுதான் இந்த வாரம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஜப்பானிலேயே விற்ற சுப்ராவில் டர்பைன் சக்கரம் உலோகமே அல்ல, பீங்கான். தேநீர்க் கோப்பைப் பீங்கான் இல்லை. இந்த வகைச் சக்கரங்களுக்குப் பயன்படும் சிலிக்கான் நைட்ரைடு. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3.2 கிராம். வழக்கமான நிக்கல் கலப்புலோகம் 8 கிராமை ஒட்டி நிற்கும். 8ஐ 3.2ஆல் வகுத்தால் 2.5. மேலே வந்த 2.49ஐ நினைத்துப் பாருங்கள்! விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் எவ்வளவு முரண்டு ஏறுமோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் பீங்கான் இறக்கிவிடுகிறது. அதே சக்கரத்தை அதே அளவில் பீங்கானில் செய்தால் முரண்டு ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். அதே அச்சின் மறுமுனையில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அலுமினியக் கம்ப்ரஸர் சக்கரமும் இருப்பதால் முழுத் தொகுதிக்கும் இந்த விகிதம் அப்படியே வராது. ஆனால் பெரும்பாரம் டர்பைன் பக்கம்தான். ஒரு லட்சம் ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுழலும், செந்தணலாய்க் காயும் ஒரு பொருளைப் பீங்கானில் வார்க்கும் துணிச்சல், பிக்கப்பில் ஒரு கண்ணிமைப் பொழுதை மிச்சம் பிடிப்பதற்காக. ஏற்றுமதி வண்டிகளுக்கு மட்டும் உலோகச் சக்கரம் கொடுத்தார்கள். பீங்கானின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே: வளையாது, உடையும். தொழிற்சாலை வைத்த பூஸ்ட்டை, அதாவது அந்தக் காற்றழுத்தத்தை, விட்டுக் கணிசமாக ஏற்றினால் சக்கரம் சிதறிவிடும். ஆகவே ஜப்பானிய வண்டி வைத்திருப்பவர் கொஞ்சம் கூடுதல் பூஸ்ட்டுக்கு ஆசைப்பட்டாலே டர்போவை மாற்ற வேண்டியதாகிறது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிதாகவே வைப்போம் என்ற எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது. 2.5 மடங்கு மிச்சத்தை இழந்துவிட்டு, அதற்கு மேல் விட்டத்தையும் கூட்டுகிறார்கள்.

கணக்கில் தேர்ந்த வாசகர் இங்கே மறுப்பார். பெரிய சக்கரம் அதே ஆர்பிஎம்மைத் தொடத் தேவையில்லை, விளிம்பு வேகம் ஒன்றாக இருந்தால் போதும் என்பார். சரியான மறுப்பு. விட்டம் 20 சதவீதம் பெரிதானால் சுழற்சி ஆறில் ஒரு பங்கு குறையலாம். அப்போது சக்கரத்துக்கு ஊட்ட வேண்டிய ஆற்றல் ஐந்தாம் அடுக்கில் அல்ல, மூன்றாம் அடுக்கில் கூடும். 1.2இன் மூன்றாம் அடுக்கு 1.73. ஆக 73 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியதோ பழைய எஞ்சின், 2,500 ஆர்பிஎம்மில் பழைய அளவு புகைக்காற்று. கடன் குறைந்தது உண்மை. அடைக்கும் வருமானம் கூடவில்லை. இன்னொரு மறுப்பு, கியரைக் குறைத்தால் தீர்ந்தது என்பது. இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். எந்த ஆர்பிஎம்முக்குக் கீழே எவ்வளவு காத்திருந்தாலும் பூஸ்ட் வராதோ அது வாசற்படி. அந்தப் படியைத் தாண்டிய பிறகும், மிதித்ததற்கும் இழுத்ததற்கும் நடுவே உள்ள காத்திருப்புதான் லேக். கியர் குறைத்தால் படி தாண்டலாம்; காத்திருப்பு குறையுமே தவிர ஒழியாது. வேகம் கூட்டி நெடுஞ்சாலையில் நுழையும்போது அந்தக் காத்திருப்பு முடிந்து இழுவை மொத்தமாக வந்து விழும் நொடி, ஈரச் சாலையில் பின்சக்கர இயக்க வண்டிக்கு நல்ல நொடி அல்ல.

இன்றைய டர்போக்கள் அப்படியில்லை என்பது மூன்றாவது மறுப்பு. பால் பேரிங் வந்துவிட்டது, சிலிண்டர்களின் புகைத்துடிப்புகளைப் பிரித்து அனுப்பும் இரட்டைச் சுருள் கூடு வந்துவிட்டது, டைட்டானியம் அலுமினைடு சக்கரமும் வந்துவிட்டது. மிட்சுபிஷி 1999இல் லான்சர் எவல்யூஷன் 6இன் ஆர்எஸ் ரகத்துக்கே அந்தச் சக்கரத்தைக் கொடுத்தது. அடர்த்தி நிக்கல் கலப்பில் பாதி. எல்லாம் உண்மையான முன்னேற்றங்கள், மனதார வரவேற்கிறேன். ஆனால் பால் பேரிங் உராய்வைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. கிடைத்த மிச்சத்தை, டர்போ மாற்றுகிறவர்கள் எதில் செலவிடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இன்னும் பெரிய சக்கரத்தில். பழைய அளவிலேயே புதிய நுட்பத்தை வைப்பவர்தான் அதன் பலனை முழுதாக அனுபவிக்கிறார்.

எனக்கு மிகவும் நியாயமாகப் படும் மறுப்பு வேறு. டர்போக்கள் அடுத்தடுத்துச் சேரும் சுப்ராவின் ஏற்பாடு கிழடு தட்டிவிட்டது. வெற்றிடக் குழாய்கள் 30 ஆண்டு வெப்பத்தில் காய்ந்து விறைத்துவிட்டன. ஒரு சின்னக் குழாய் வெடித்தால் இரண்டாவது டர்போ சேராமலே போகலாம், கோளாறைத் தேடுவதற்குள் நாள் போய்விடும். ஒற்றை டர்போவில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாய் இருந்தபோதும் இரண்டாவது டர்போ சேரும் இடத்தில் ஒரு தொய்வு தெரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது ஒற்றை டர்போவுக்கான வாதம், பெரிய டர்போவுக்கான வாதம் அல்ல. அளவான ஒற்றை டர்போ, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் திறனுக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் கூடாத ஒன்று, அன்றாட சுப்ராவுக்கு நல்ல மருத்துவம் என்றே சொல்வேன். எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து டர்போ வாங்குவதில்தான் தவறு. அந்த வார்ப்பிரும்புக் கட்டை எதையும் தாங்கும் என்ற புகழே தூண்டிலாகிவிடுகிறது. கட்டை தாங்கும், உதாரணத்துக்குக் கலிபோர்னியாவின் பம்பில் கிடைக்கும் 91 ஆக்டேன் தாங்காது. அதே மாநிலத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் புகைச் சோதனையில், அரசு விலக்கு எண் இல்லாத டர்போவும் தேறாது.

அன்றாடம் எதைப் பொறுத்துக்கொள்ளும், எதைப் பொறுக்காது என்பதற்கு 1962இலேயே சாட்சி இருக்கிறது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், 215 கன அங்குல அலுமினிய வி8, டர்போவோடு 215 குதிரைத்திறன். அழுத்த விகிதம் 10.25. அந்த விகிதத்தில் எஞ்சின் இடிக்காமல் (நாக் ஆகாமல்) இருக்க வாலை வடிநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்க வேண்டும். தனித் தொட்டி, அதை உரிமையாளர்தான் நிரப்ப வேண்டும். தீர்ந்தால் வண்டி தானே பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும். பலர் நிரப்ப மறந்தார்கள், பிறகு வண்டி இழுக்கவில்லை என்று முறையிட்டார்கள். டீலர்கள் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தி அனுப்பினார்கள். 1963க்குப் பிறகு ஜெட்ஃபயர் இல்லை. ஜெட்ஃபயரைப் போலவே 1962இல் வந்த செவ்ரோலே கோர்வேர் மான்ஸா ஸ்பைடர் 150 குதிரைத்திறனோடு அடக்கமாக நின்றது. அழுத்த விகிதத்தைக் குறைத்து வைத்ததால் திரவமும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். அதன் டர்போ எஞ்சின் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது.

தொட்டியை நிரப்ப மறக்கிற அதே கை, எண்ணெயையும் மறக்கும். காய்ந்த டர்போவோடு வீட்டு வாசலில் வந்து உடனே சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினால், பேரிங்கில் தேங்கிய எண்ணெய்க்கு என்ன ஆகிறது, தண்ணீர்க் குளிர்ச்சி உள்ள கூடு அதை எவ்வளவு காப்பாற்றுகிறது என்பது அடுத்த வாரம்.