தவளைக்கு வெப்பம் மட்டுமா எதிரி?

உலகின் இருவாழ்விகளால் எவ்வளவு வெப்பத்தைத் தாங்க முடியும் என்று கணக்கிட்ட ஆய்வொன்று 2025-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியானது. அதில் ஆராயப்பட்டவை 5,203 இனங்கள். நிழலில் ஒதுங்கியிருந்தாலும் உடல் தாங்கும் எல்லையைக் கடந்த வெப்பத்தை இப்போதே எதிர்கொள்பவை 104 இனங்கள், அதாவது நூற்றுக்கு இரண்டு. புவியின் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் உயருமானால் அந்த எண்ணிக்கை 391 ஆகும் என்கிறது ஆய்வு.

இவ்வளவுதானா என்று நிம்மதி கொள்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்காக 8,011 இருவாழ்வி இனங்கள் மதிப்பிடப்பட்டு, அதன் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அவற்றில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருக்கின்றன. 2004-க்கு முன்பு நோயும் வாழிட இழப்புமே பெருங்காரணங்கள். அதன் பிறகு நிலை மோசமடைந்த இனங்களில் 39 விழுக்காட்டுக்கு முதன்மைக் காரணம் பருவநிலை மாற்றம்.

இவ்விரு கணக்குகளும் முரண்படவில்லை. அவை கேட்கும் கேள்விகள் வேறு. எந்த வெப்பநிலையில் தவளை சாகும் என்பது முதலாவது. தவளை ஏன் குறைந்து வருகிறது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை காணலாம். ஆயினும் நேரடியாக அளந்த தரவுகள் சில நூறு இனங்களுக்கே உள்ளன. எஞ்சியவற்றுக்குப் புள்ளியியல் மதிப்பீடுதான். இரண்டாவது கேள்விக்கு விடை காட்டில் இருக்கிறது, பெரும்பாலும் இரவில், மழையில்.

தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. அதற்குத் தோல் ஈரமாக இருந்தாக வேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால், வெப்பத்தால் சாவதற்கு வெகு முன்பே அது வெளியே வருவதை நிறுத்திவிடும். இரை தேடாது, குரல் கொடுத்து இணையையும் அழைக்காது. உயிரோடுதான் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு அதற்குச் சந்ததி இராது. சாவை மட்டும் எண்ணும் கணக்கில் இது பதிவாகாது.

கோஸ்டாரிகாவின் மாண்டிவெர்டே மேகக் காட்டில் வாழ்ந்த பொன்தேரை இதற்குச் சான்று. 1987-இல் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்டவை இனப்பெருக்கத்துக்குத் திரண்டன. குட்டைகள் வற்றியதால் முட்டைகளில் பெரும்பாலானவை அழிந்தன. 1989-இல் காணப்பட்டது ஒன்றே ஒன்று. அதன்பின் எவர் கண்ணிலும் அது படவில்லை. புவி வெப்பமாதலா, எல் நினோ கொணர்ந்த வறட்சியா, தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையா என்று அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர். அந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி வரையான மிதவெப்பத்தில்தான் நன்கு வளரும். எனவே வெப்பம் உயர்ந்தால் ஓரிடத்தில் நோய் பெருகலாம், வேறோரிடத்தில் தணியலாம். ஒரே சூத்திரம் எல்லா மலைக்கும் பொருந்தாது.

ஓர் இனம் எந்த அளவுக்குப் பாதிக்கப்படும் என்பதை மூன்று கோணங்களில் பார்ப்பது வழக்கம்: மாற்றம் அதன் இருப்பிடத்தை எவ்வளவு எட்டுகிறது, எட்டியதை அதன் உடலும் வாழ்க்கைமுறையும் எப்படி எதிர்கொள்கின்றன, தப்பிக்க வழியுண்டா. இவற்றை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆனைமுடிப் பகுதியில் வாழும் செம்மஞ்சள் நிறப் புதர்த் தவளைக்குப் பொருத்திப் பார்ப்போம். 2010-இல் அறிவியலுக்கு அறிமுகமான இனம் இது. வெப்பமானியை மட்டும் பார்த்தால் தென்னிந்தியாவிலேயே குளிர்ச்சியான இடமொன்றில் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் இதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும். குளம் வேண்டாம் என்பது வசதிதான். அதற்கு ஈடாக, முட்டையைச் சுற்றிய ஈரம் வாரக்கணக்கில் மாறாதிருக்க வேண்டும். வெப்பம் கூடினால் சமவெளி உயிரினங்கள் மேலே நகரலாம். 2,695 மீட்டர் உயர ஆனைமுடிக்கு மேலே தென்னிந்தியாவில் நிலமே இல்லை.

2003-இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையின் சிக்கல் வேறு. ஆண்டு முழுதும் மண்ணுக்குள் வாழ்ந்து, கோடையிறுதி மழையில் சில நாள்களே வெளிவந்து ஓடைகளில் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் பாறைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ நூறு நாள் வளர்கின்றன. முதல் மழை பெய்து, பருவமழை தாமதித்தால் என்ன ஆகும்? ஆண்டு மொத்த மழையளவு சற்றும் குறையாமலே ஒரு தலைமுறை வறண்டுபோகலாம்.

நம் கண்காணிப்பு முறை இதற்கு ஏற்றதாக இல்லை என்பதே என் குறை. வானிலை நிலையங்கள் திறந்த வெளியில், ஏறத்தாழ ஆளுயரத்தில் உள்ள வெண்ணிறப் பெட்டிக்குள் வெப்பத்தை அளக்கின்றன. புதர்த் தவளை வாழ்வதோ தரையையொட்டிய புற்புதர்களுக்கிடையே. அங்குள்ள ஈரப்பதத்தைப் பதியும் சிறு கருவிகளும் இரவுக் குரல்களைப் பதியும் ஒலிப்பதிவுக் கருவிகளும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பத்தாண்டுகள் விடாமல் பதிய ஆளும் பொறுமையும் வேண்டும். நிதி ஒதுக்கீடோ பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டங்களுக்கே கிடைக்கிறது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உலக வெப்பத்தை நீலகிரியிலோ ஆனைமலையிலோ இருந்து குறைக்க முடியாது. ஆனால் சோலையின் மேல்விதானம் சிதைந்தால் தரையின் ஈரம் போகும் என்பது தெளிவு. எஞ்சிய சோலைகளைக் காப்பதும், சீகையும் கற்பூர மரமும் ஆக்கிரமித்த புல்வெளிகளை மீட்பதும், ஓடைகளைத் தடுத்துத் திருப்பும் திட்டங்களுக்கு அனுமதி தரும்முன் மே, ஜூன் மாத இரவுகளில் அங்கே கணக்கெடுப்பதும் மாநில அரசுகளின் கையில் உள்ளவை. கோடைப் பகலில் கணக்கெடுக்கப் போனால் ஊதாத் தவளை மண்ணுக்குள் இருக்கும். அறிக்கையில் 'இல்லை' என்று பதிவாகும்.