மைக்ரோகிரீன் தொப்பையைக் கரைக்குமா?

புதுக்குடியிருப்பில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தால் இரவு ஒன்பது வரை கதிரைதான். இடையில் ஆறு பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி.

கடந்த வருடம் கிளினிக் போனபோது நிறை 84 கிலோ என்றார்கள். என் உயரம் 165 சென்ரிமீற்றர். நிறையை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. எனக்கு வந்தது கிட்டத்தட்ட 31. ஆசிய நாட்டவருக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியிருக்கிறது. என் வாப்பா நீரிழிவால் கால் விரல்களை இழந்தவர். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தக் கிழமையே முகநூலில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மைக்ரோகிரீன் பொடி குடித்தால் முப்பது நாளில் தொப்பை கரையுமாம். காசைக் கட்டுவதற்கு முன், அது என்ன என்று தேடி வாசித்தேன். வாசித்ததையும் செய்து பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முளைகட்டிய பயறு எமக்குத் தெரியும். அதை ஓரிரு நாளில் வேரோடு சாப்பிடுகிறோம். அதே பயறை மண்ணில் தூவி, வெளிச்சம் காட்டி, ஏழு முதல் பதினான்கு நாள் வரை வளரவிட்டால் இரண்டு வித்திலைகள் விரிந்து, உண்மையான முதல் இலை எட்டிப் பார்க்கும். அப்போது வேரை விட்டுவிட்டுத் தண்டையும் இலையையும் வெட்டி எடுப்பதுதான் மைக்ரோகிரீன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். "நவராத்திரிக்குக் கும்பத்தடியில நவதானியம் முளைக்க விடுவமே நானா, அது மாதிரித்தானே?" என்றார். அது மாதிரித்தான்.

2012இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் 25 வகை மைக்ரோகிரீன்களை ஆராய்ந்தன. பல வகைகளில் விட்டமின்கள், முதிர்ந்த இலையில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருந்தன. சிவப்புக் கோவாவில் விட்டமின் சி கூடுதலாக இருந்தது. கொத்தமல்லியில் கண்ணுக்கு நல்லதான லூட்டீன் கூடுதலாக இருந்தது.

2016இல் வெளியான இன்னோர் ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவு உண்ட எலிகளுக்குச் சிவப்புக் கோவா மைக்ரோகிரீனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றின் நிறை ஏறியது குறைந்தது, கெட்ட கொலஸ்ட்ரோலும் குறைந்தது. இப்படியான ஆய்வுகளை வைத்துத்தான் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் அது எலிகளில் நடந்த ஆய்வு. எலிக்குக் குறைந்ததால் எனக்கும் குறையும் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் இதனால் என்ன பயன்? பதில் தட்டில் இருக்கிறது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி. 50 கிராம் கீரையில் சுமார் 15 கலோரிதான். ஒரு பிடி சோற்றைக் குறைத்து அந்த இடத்தைக் கீரையால் நிரப்பினால் வயிறும் நிறையும், கலோரியும் குறையும். சோற்றைக் குறைக்காமல் மேலே கீரையைத் தூவினால் விட்டமின் கிடைக்கும், தொப்பை அப்படியே இருக்கும்.

என் தேநீர்க் கணக்கையும் பாருங்கள். நாளொன்றுக்கு 18 தேக்கரண்டி என்றால் 72 கிராம் சீனி, ஏறத்தாழ 290 கலோரி. சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீரைத் தட்டை வைத்துக்கொண்டு சீனிப் போத்தலையும் பக்கத்தில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

வளர்ப்பது சுலபம். சமையலறையில் உள்ள பயறு, வெந்தயம், கடுகு போதும். அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் பெட்டியில் ஒன்றரை அங்குலம் தும்புத்தூள் பரப்புங்கள். பயறை இரவு முழுவதும் ஊறவைத்து நெருக்கமாகத் தூவி, இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். முளைத்ததும் திண்ணையில் காலை வெளிச்சம் படும் இடத்துக்கு மாற்றித் தண்ணீர் தெளியுங்கள். எமது வெயிலில் நடுப்பகலுக்கு நிழல் கட்டாயம். வேரடியில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் வேர்முடி, தண்ணீர் தெளித்தால் அமுங்கிவிடும். அமுங்காமல் நாறினால் அது பூஞ்சணம். யோசிக்காமல் வீசிவிடுங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தோட்டத்துக்கு விற்கும் நிறம் பூசிய விதையில் மருந்து கலந்திருக்கும். விவசாய ஊரில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் சொல்கிறேன், அதை ஒருபோதும் பாவிக்காதீர்கள். தக்காளி, கத்தரி நாற்றுக்களைச் சாப்பிடக் கூடாது. 2011இல் ஜேர்மனியில் கிருமி தொற்றிய வெந்தய முளைகளால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் முதியவர்களும் சமைத்தே சாப்பிடட்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்களும், சிறுநீரக நோயுள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கள் வீட்டில் வல்லாரைச் சம்பல் போல வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைகிறோம். தேங்காய்ப்பூ கொஞ்சம்தான். நோன்பு காலத்தில் கஞ்சியை இறக்கும்போது ஒரு கைப்பிடி போட்டோம், பிள்ளைகளே குடித்தார்கள். சஹனில் கூடிச் சாப்பிடும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. இப்போது நடுவில் ஒரு கீரைத் தட்டை வைத்து, முதலில் அதைச் சாப்பிடுகிறோம்.

எட்டு மாதத்தில் 84 கிலோ 78 ஆனது. மைக்ரோகிரீன் மட்டும் செய்த வேலையல்ல இது. சீனியைத் தேநீருக்கு ஒரு கரண்டியாக்கினேன். சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். அஸருக்குப் பிறகு மகனிடம் கடையை விட்டுவிட்டு மனைவியோடு அரை மணி நேரம் நடக்கிறேன். இன்னும் 28க்கு மேல்தான் நிற்கிறேன், போக வேண்டிய தூரம் இருக்கிறது.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கு விடும் நபிவழியைப் பயான்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதைத் தட்டில் கொண்டுவருவதற்கு எனக்கு இந்தக் கீரை உதவியது. பொடி வாங்கும் காசுக்கு ஒரு கிலோ பயறு வாங்குங்கள். நாளைக்கே ஒரு பிடியை ஊறப்போடுங்கள்.