குழந்தைக்கு ஆபரேஷனா? விடிய விடிய பட்டினி போட வேண்டியதில்லை!

காலையில் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால், முதல்நாள் ராத்திரி சாப்பாட்டோடு சரி. அதன்பிறகு ஒரு சொட்டு தண்ணீர்கூட கிடையாது. பிள்ளை தாகத்தில் அழும். பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் அழுவாள். பல ஆஸ்பத்திரிகளில் காலம் காலமாக நடப்பது இதுதான்.

இதை மாற்றத்தான் 'ஈராஸ்' என்ற முறை வந்துள்ளது. ஆபரேஷன் ஆனவர்களை சீக்கிரம் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் முறை இது. டென்மார்க் டாக்டர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் பெரியவர்களுக்கு இதை கொண்டு வந்தார். இப்போது குழந்தைகளுக்கும் பின்பற்றப்படுகிறது. பச்சிளம் குழந்தைகளின் குடல் ஆபரேஷனுக்கு 2020-ல் தனி வழிமுறையே வெளியானது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பட்டினி ஏன்?

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வெறும் வயிறு கேட்கிறார்கள். ஆனால் தண்ணீர் வயிற்றில் ரொம்ப நேரம் தங்காது.

எனவே பொதுவான கணக்கு இதுதான். இட்லி, சாதம், பசும்பால் என்றால் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். ஐரோப்பாவில் மயக்க மருந்து டாக்டர்கள் 2018-ல் இதை 1 மணி நேரமாக குறைத்து விட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு

முன்பெல்லாம் 'காற்று பிரியட்டும்' என்று நாள் கணக்கில் காக்க வைப்பார்கள். இந்த முறையில் சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாக ஆகாரம் தருகிறார்கள். தேவையில்லாத குழாய்களை உடனே எடுக்கிறார்கள். குழந்தையை எழுப்பி நடக்க விடுகிறார்கள்.

வலிக்கு மார்பினை மட்டும் நம்பினால் குடல் மந்தமாகும், வாந்தி வரும். எனவே பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, மரத்துப்போகும் ஊசியும் போட்டு, மார்பினை குறைக்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

இதை ஒரு டாக்டர் மட்டும் நினைத்தால் நடக்காது. 8 மணி ஆபரேஷன் 12 மணிக்கு தள்ளிப்போனால், "பிள்ளைக்கு தண்ணி கொடும்மா" என்று சொல்ல வார்டில் ஆள் வேண்டும். ஆபரேஷன் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சு எல்லோரும் ஒரே பேச்சு பேச வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

"எத்தனை மணி வரைக்கும் தண்ணி கொடுக்கலாம்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். நேரம் தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள். குடல் அடைப்பு, அவசர ஆபரேஷனுக்கு இந்த கணக்கு பொருந்தாது. டாக்டர் சொல்வதே முடிவு.

பாவம் பார்த்து ஒளித்து மறைத்து பால் கொடுத்து விடாதீர்கள். கொடுத்து விட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போனால் பரவாயில்லை, பிள்ளை உயிர்தான் முக்கியம்.