வீதி வேலைக்கும் விடுமுறை பாருங்கள்

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலின் வியாபாரத்தையே மாற்றியது. சாப்பாட்டுக் கடை, போட்டோகொப்பிக் கடை, வாடகை அறை எல்லாம் மாணவர்களை நம்பியவை. கடை முன்னால் வடிகானைப் படிப்புக் காலத்தில் தோண்டினால் வியாபாரம் படுத்துவிடும்; விடுமுறையில் தோண்டினால் நட்டம் குறைவு.

இதை யாரிடம் கேட்பது? அக்கரைப்பற்று–கல்முனைப் பிரதான வீதிக்குப் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபை. பெரும்பாலான உள்வீதிகளுக்கும் அவற்றின் வடிகான்களுக்கும் அட்டாளைச்சேனைப் பிரதேச சபை.

ஒப்பந்தத் தொகை, வேலை முடியும் திகதி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும்.

தோண்டிய பிறகு முறையிடுவதைவிட, வீதி வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதே இலாபம்.